புரை

ஜவ்வாது மலையடியில், எங்கள் சந்தவாசல் பக்கம், மூட்டு வலித்தாலும் முதுகு கூனினாலும் ஒரே பெயர்தான்: ‘எலும்புத் தேய்மானம்’. மூட்டில் தேய்வது குருத்தெலும்பு. அது வேறு நோய். மூப்பில் எலும்பு உள்ளுக்குள் கரைந்து சல்லடையாவதற்கு எலும்புப்புரை என்று பெயர். புரை என்றால் உள்துளை. ஆறாத புண் உள்ளே துளைத்துப் போனால் புரையோடுகிறது. சோறு வழிதவறினால் புரையேறுகிறது. குற்றம் என்ற பொருளும் இதற்கு உண்டு, திருக்குறளில் காணலாம். கண்புரையில் மட்டும் துளை கிடையாது, மங்கல்தான். ஆஸ்டியோபொரோசிஸில் உள்ள கிரேக்கப் ‘போரோஸ்’ஸும் துளைவழிதான்; ஆகவே தமிழ்ச்சொல் கச்சிதம். புரையோடிய முள்ளெலும்பு, தண்ணீர்க்குடம் தூக்கினாலே நசுங்கலாம். முள்ளெலும்புக்குள் ஊசிவழி அக்ரிலிக் கலவையைச் செலுத்தி இறுகவைக்கும் சிகிச்சையை 1984இல் பிரான்சின் அமியான் நகரில் தொடங்கினார்கள். நம்மூரில் அது ‘சிமெண்ட் வைப்பது’. கேட்டதும் மூட்டைச் சிமெண்ட் நினைவுக்கு வந்து ஆள் மிரண்டுவிடுகிறார். ‘எலும்புக்காரை’ எனலாமா? கழுத்தடியில் ஏற்கெனவே காறையெலும்பு இருக்கிறது, காதில் குழப்பும். அரைத்துக் குழைத்த சந்தனத்துக்கும் பொட்டுக்கும் வழங்கி, கொத்தனார் கைக்கும் போன சொல் சாந்து. ‘எலும்புச்சாந்து’ என்பதே என் தேர்வு. ஆனால் எல்லாருக்கும் சாந்து தேவையில்லை: 2009இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், பாவனைச் சிகிச்சையைவிட இது வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. பல நசுங்கல்கள் ஓய்விலும் மருந்திலும் ஆறிவிடும். அடுத்த முறை யாராவது ‘தேய்மானம்’ என்றால், மூட்டா, புரையா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.