நெடும்பயண மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற ஸ்பீக்கர்

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றிரைச்சல் பாட்டை விழுங்கிவிடும். அதனால் பலர் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் உச்ச வாட்ஸைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்குகின்றனர். பார்க்க வேண்டியது, தொடர்ந்து தாங்கும் ஆற்றலைக் காட்டும் ஆர்எம்எஸ் அளவு. உணர்திறன் 3 டெசிபல் கூடுதலாக இருந்தால், பாதி மின்சக்தியிலேயே அதே சத்தம் கிடைக்கும்.

ஸ்பீக்கரின் ஓம், ஆம்பிளிபயருக்குக் குறிப்பிட்ட அளவைவிடக் குறைந்தால் ஆம்பிளிபயர் சூடேறிக் கெடலாம். நம் நாட்டு மழைக்குக் காகிதக் கூம்பு தாங்காது. பாலிபுரோப்பிலீன் கூம்பு நல்லது.

பொருத்துமுன் இடத்தின் ஆழத்தை அளக்க வேண்டும். பொருத்தியபின் ஹேண்டலை இருபுறமும் முழுதாகத் திருப்பி, வயர் எங்கும் இழுபடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதிர்வில் கழலாதிருக்க நைலான் பூட்டு நட்டு போடலாம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறினால் பாஸ் மெலிந்துவிடும். ஆம்பிளிபயர் வயருக்கு பேட்டரி அருகிலேயே ஃபியூஸ் அவசியம். இல்லையேல் உரசித் தேய்ந்த வயர் தீப்பிடிக்கலாம்.

சத்தத்துக்கும் எல்லை உண்டு. பின்னால் வரும் லோரியின் ஹார்ன், ஆம்புலன்ஸ் ஒலி இரண்டும் காதில் விழ வேண்டும். அவை கேட்காத அளவுக்குப் பாட்டு வைத்தால், எத்தனை விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் ஆபத்துதான்.