நம்பெருமாள் ரீஸ்டோர் ஆன கதை

1323-ல டெல்லி சுல்தான் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தப்போ, பிள்ளை லோகாச்சாரியாரும் மத்தவங்களும் உற்சவரை எடுத்துக்கிட்டு தெற்கே போனாங்க. கோபண்ணர் செஞ்சியிலேருந்து அவரைத் திரும்பக் கொண்டுவந்தது 1371-ல. 48 வருஷ ரீஸ்டோர்!

ஆனா அதுக்குள்ள கோயில்ல வேற ஒரு உற்சவர் இருந்தார். பழையவர் யாரு? கண் தெரியாத ஒரு பெரியவர், ஒருகாலத்துல பெருமாள் வஸ்திரம் வெளுத்தவர், ஈர வஸ்திரத்தோட தீர்த்தத்தை ருசிச்சே நம்ம பெருமாள் இவர்தான்னு சொன்னாராம். ‘நம்பெருமாள்’ங்கிற பேரே அப்படி வந்ததுன்னு கோயில் மரபு. தினமும் புழங்கினவருக்குத்தான் தெரியும், இல்லையா?

ஃபைல் சர்வர்லயும் அதேதான். எந்த வெர்ஷன் சரின்னு அட்மினுக்கு எப்படித் தெரியும்? டேப் பேக்கப் காலத்துல அவர்கிட்ட கேட்டுட்டுக் காத்திருக்கணும். 1990-கள்ல நெட்ஆப் வேற வழி பண்ணுச்சு. புது டேட்டாவைப் பழைய பிளாக் மேல எழுதாம வேற இடத்துல எழுதும். பழசு ஸ்னாப்ஷாட்டா அப்படியே நிக்கும். யூசரே ஸ்னாப்ஷாட் டைரக்டரிக்குள்ள போய், நேத்து ஃபைலைத் திறந்து பாத்து, காப்பி பண்ணிக்கலாம். விண்டோஸ் சர்வர் 2003-லயும் ‘ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்’னு இது வந்துச்சு.

ஒரு வில்லங்கம் மட்டும் உண்டு. ஸ்னாப்ஷாட்ல பர்மிஷனும் பழசுதான். நேத்து எல்லாருக்கும் திறந்து கிடந்த சம்பள ஷீட்டை இன்னைக்குப் பூட்டினாலும், நேத்தைய ஸ்னாப்ஷாட்ல அது திறந்தேதான் இருக்கும்.