‘அன்று’ என்பார்க்கு ஐந்து காசு: மானூர் மஹாஸபையின் வ்யவஸ்தையும் நம் பூர்வாசார்யர்களின் வாதநெறியும்

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த குலசேகரன்பட்டினத்தின் பெயரைக் கேட்டவுடன், பெருமாள் திருமொழி அருளிய ஆழ்வாரின் திருநாமமே நம்மவர் நெஞ்சில் எழும். ஆயினும் அத்துறைமுகம் பாண்டிய மன்னன் ஒருவனால் பெயர் பெற்றது என்பதே வரலாற்று அறிஞர் பொதுவாகக் கொள்வது. முத்துக்குளிப்புக்கும் கடல் வாணிகத்துக்கும் பேர்போன அக்கரையிலிருந்து பொருநையின் போக்குக்கு எதிரே மேற்கு நோக்கிச் சென்றால் தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி முதலான திருப்பதிகளை ஸேவிக்கலாம். மேலும் சென்று திருநெல்வேலியைக் கடந்து வடக்கே திரும்பினால் வருவது மானூர். அது திவ்யதேசம் அன்று. ஆகையால் நம் யாத்ரிகர்கள் அங்கே இறங்குவதில்லை. ஆனால் ஊரார் கூடிப் பேசி முடிவு செய்யும் முறையைப் பற்றித் தென்பாண்டி நாடு நமக்கு விட்டுச்சென்ற மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று அங்கேதான் இருக்கிறது. அம்பலநாதசுவாமி கோயில் தூணில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, மாறஞ்சடையன் என்னும் பாண்டியனது 35-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; ஏறத்தாழக் கி.பி. 800 என்பர்.

களக்குடி நாட்டுப் பிரமதேயமாகிய மானநிலைநல்லூர் என்பது அன்றைய மானூரின் பெயர். அவ்வூர் மஹாஸபையார் பறையறைந்து அறிவித்துத் திருக்கோவர்த்தனத்தில் கூடினர் என்று கல்வெட்டுக் கூறுகிறது. குன்றெடுத்துக் கோநிரை காத்தவனை நினைவூட்டும் அப்பெயரைக் கொண்டு, ஸபை கூடிய இடம் ஒரு திருமால் கோயில் என்று கொள்வதில் தடையில்லை. இந்தக் களக்குடியோடு வேறொரு தொடர்பும் நமக்கு உண்டு. மதுரைக்கு அருகே ஆனைமலையில் நரஸிம்மப் பெருமானுக்குக் குடைவரைக் கோயில் எடுத்த பாண்டிய மந்திரி மாறங்காரி, களக்குடியைச் சேர்ந்தவன். மதுரகவி என்னும் பட்டப்பெயர் உடையவன். அவனது கல்வெட்டின் காலம் கி.பி. 770. மாறன், காரி, மதுரகவி என்ற பெயர்களை வைத்து இவனை நம்மாழ்வாரின் திருக்குடும்பத்தோடு இணைத்து எழுதினார் சிலர். பெயரொப்புமை ஒன்றை மட்டுமே கொண்டு அவ்வாறு துணிவது அடியேனுக்கு உடன்பாடன்று. ஆழ்வார் அவதரித்த நாட்டில் அப்பெயர்கள் வழங்கின என்ற அளவில் நிற்பதே நேர்மை.

மானூர் ஸபையார் செய்த வ்யவஸ்தையின் பொருள் இது. ஊரில் பங்குடையோரின் மக்களுள், மந்திர ப்ராஹ்மணமும் ஒரு தர்மமும் கற்று நன்னடத்தை உடையவர் ஒருவரே ஒரு பங்குக்காக ஸபையில் மன்றாடலாம். விலைக்கு வாங்கிய பங்கு, கொடையாகப் பெற்ற பங்கு, ஸ்த்ரீதனமாக வந்த பங்கு ஆகியவற்றுக்கும் இதுவே விதி. கால், அரை, முக்கால் என்று உறுப்புரிமையைக் கூறுபோடலாகாது. முழுச் சிராவணை ஒன்றே உண்டு. பங்கை விலைக்கு வாங்குவோர், ஒரு வேதத்தைப் பரிசிஷ்டங்களோடு ஆராய்ந்து கற்றவரையே தம் பங்குக்கு நிறுத்த வேண்டும். முழுச் சிராவணை இல்லாதார் வாரியம் எதிலும் ஏறலாகாது. (‘சிராவணை’ என்பது ச்ரவணத்தின் வழிவந்த சொல் போலும். கேட்பதும் கேட்கப்படுவதுமே உறுப்புரிமை என்று முன்னோர் கொண்டிருப்பின் அது மிகப் பொருத்தமே.)

இறுதியில் வருவதுதான் நாம் ஊன்றி நோக்க வேண்டிய விதி. இத்தகுதிகள் எல்லாம் நிரம்பியவரே ஆயினும், ஸபையில் எழும் எந்தக் காரியத்துக்கும் ‘அன்று, அன்று’ என்று சொல்லித் தடுத்துக்கொண்டே இருத்தல் கூடாது. அவ்வாறு செய்வாரும் அவர்க்குத் துணை நிற்பாரும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் இறுத்து, பின்னும் இந்த வ்யவஸ்தைக்கு உட்பட்டே ஒழுக வேண்டும்.

இதைப் படித்த சிலர், மாற்றுக் கருத்தை வாயடைக்கும் சட்டம் என்று வருந்தினர். அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல இயலாது. நம் காலத்து மன்றங்களில் ஒரு தீர்மானத்துக்குக் கைகளை எண்ணி, மிகுந்த பக்கத்தை முடிவாகக் கொள்கிறோம். இக்கடற்கரை ஊராட்சிகளில் குடியரசு நாளன்றும் விடுதலை நாளன்றும் கூடும் கிராமஸபை தீர்மானம் இயற்றுகிறது; எதிர்ப்பவர் சிலர் இருந்தாலும் காரியம் நடக்கும். மானூர்க் கல்வெட்டில் கை எண்ணும் முறை பற்றி ஒரு சொல்லும் இல்லை. பழைய ஸபைகளின் கல்வெட்டுகள் பொதுவாக ஸபையார் அனைவரும் கூடி ஒருமித்துச் செய்ததாகவே வ்யவஸ்தையைச் சொல்லும்.

இங்கே உத்திரமேரூரை எடுத்துக்காட்டி மறுப்பார் உண்டு. இன்று வைகுண்டப் பெருமாள் கோயிலாக விளங்கும் ஸபா மண்டபத்துச் சுவர்களில், முதலாம் பராந்தகனது 12, 14-ஆம் ஆண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-இல் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகளை அறியாதார் இல்லை. ஆனால் குடவோலை வாக்கெடுப்பு அன்று; திருவுளச்சீட்டு. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். ஊரில் உள்ள நம்பிமார் அனைவரும் உடனிருக்க, அவருள் மூத்தவர் எல்லோரும் காணக் குடத்தைத் தூக்கி நிற்பார். ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்துக் கொடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பான், நம்பிமாரும் வாசிப்பர். இப்படித் தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் ஸம்வத்ஸர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். ஆளைத் தேர்வதற்கு இத்தனை காவல்; காரியத்தை முடிவு செய்வதற்கோ அனைவரின் இசைவே வழி. அனைவரும் இசைந்தாலன்றி முடிவில்லை என்ற இடத்தில், ஒருவர் வாயிலிருந்து வரும் ‘அன்று’ என்ற ஒரு சொல்லே ஏரியின் மதகைத் திறவாமல் நிறுத்திவிடும். மானூரார் ஐந்து காசு விதித்தது அந்த அச்சத்தினால் என்பது அடியேன் துணிபு.

விதியின் சொல்லமைதியையும் நோக்க வேண்டும். ஒரு காரியத்தை மறுத்தவர்க்குத் தண்டம் இல்லை; எந்தக் காரியத்தையும் மறுப்பவர்க்கே தண்டம். ந்யாய ஸூத்ரகாரர் வாதம், ஜல்பம், விதண்டை என்று கதையை மூன்றாக வகுத்தார். தன் பக்ஷம் என்று ஒன்றை நிறுவாமல் பிறர் பக்ஷத்தைக் கெடுப்பதொன்றே விதண்டை. நம் ஸம்ப்ரதாயத்தில் ஸ்ரீவேதாந்த தேசிகனும் ந்யாயபரிசுத்தியில் இக்கதைகளை விரித்து விசாரித்தார். மானூர் ஸபையார் தர்மமும் வேதமும் கற்றவர். இப்பாகுபாடு அவர்களுக்குப் புதிதாய் இருந்திராது. சாஸ்த்ரம் குற்றமென்று காட்டியதை அவர்கள் காசு கணக்கில் எழுதிவைத்தார்கள்.

‘அன்று’ என்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை நம் குருபரம்பரையும் காட்டுகிறது. பராந்தகனுக்கு வீரநாராயணன் என்றும் பெயர். அப்பெயரால் எழுந்த வீரநாராயணபுரத்தில் நாதமுனிகளின் திருப்பேரனார் யமுனைத்துறைவர் மஹாபாஷ்ய பட்டரிடம் கல்வி பயின்ற காலம் அது. சோழன் அவையில் வித்வானாயிருந்த ஆக்கியாழ்வான் மற்ற வித்வான்களிடம் வரி கேட்டு ஓலை விடுத்தான். ஆசிரியர் கலங்க, மாணாக்கராகிய சிறுவர் எதிர்த்து நின்றார். நீர் உண்டு என்பதை இல்லை என்போம், இல்லை என்பதை உண்டு என்போம் என்று செருக்கினான் வித்வான். பாலர் மூன்றே சொன்னார்: உம் தாய் மலடி அல்லள், இவ்வரசன் தர்மவான், இவ்வரசி பதிவ்ரதை. மறுத்தால் தனக்கும் அரசனுக்கும் கேடு, மறுக்காவிடில் தோல்வி. ஆக்கியாழ்வான் வாயடைத்து நின்றான். ‘எம்மை ஆளவந்தீரோ’ என்று அரசி உகந்து கொண்டாடியதையும், பாதி ராஜ்யம் கிடைத்ததையும் அனைவரும் அறிவர். இச்சரிதத்தைச் சொல்வோர் பெரும்பாலும் பாலரின் கூர்மதியோடு நிறுத்திவிடுகிறார்கள். எதற்கும் ‘அன்று’ என்பவன் மெய்யைக்கூட மறுக்கக் கடமைப்பட்டுவிடுகிறான் என்பதே அதன் உயிர்நிலை. மானூரில் ஐந்து காசு செய்த வேலையைச் சோழன் அவையில் மூன்று வாக்யம் செய்தது.

அப்படியானால் நம் ஆசார்யர்கள் ஆக்ஷேபத்தை வெறுத்தார்களா? எவ்வளவு தவறான எண்ணம்! ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் எம்பெருமானார் எதிர்ப்பக்ஷத்தை மஹாபூர்வபக்ஷமாக விரித்திருக்கும் அழகைப் பார்த்தால், அப்பக்ஷத்தாரே அதனினும் தெளிவாகத் தம் கொள்கையைச் சொல்லியிருப்பார்களோ என்று தோன்றும். பூர்வபக்ஷத்தை அதன் முழு வலிமையோடு நிறுத்தினால்தான் ஸித்தாந்தம் நிற்கும். விதண்டைக்கும் பூர்வபக்ஷத்துக்கும் உள்ள தூரம் இதுதான்: ஒன்று பதிலை வேண்டாதது, மற்றது பதிலுக்காகவே எழுப்பப்படுவது.

ஒரு கேள்வியை மறைத்துச் செல்வது முறையன்று. மானூர் ஸபை யாருடைய ஸபை? பங்குடைய, வேதம் கற்ற அந்தணரின் ஸபை. நிலம் உழுதவர்க்கும் கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்க்கும் அங்கே சிராவணை இல்லை. பெண்டிர்க்கும் இல்லை, ஸ்த்ரீதனமாகப் பங்கு வந்தபோதும் இல்லை. இதைக் குடியாட்சி என்று மேடையில் முழங்குவோர் அந்தக் கல்வெட்டைப் படித்தவர்களாய் இருக்க முடியாது. அதே பொருநை நாட்டில், அதற்கு நெடுந்தொலைவு அல்லாத திருக்குருகூரில், வேளாளர் குலத்தில் அவதரித்தவர் நம்மாழ்வார் என்பது மரபு. மானூரின் வ்யவஸ்தைப்படி திருக்கோளூர் மதுரகவிகள் போன்ற வேதம் வல்லார் ஸபையில் இடம்பெறத் தகுதியுடையார். அவர் ஆசார்யனாக வரித்தவர்க்கோ அங்கே இடமில்லை.

இந்த முரணை நம் பூர்வர்கள் மூடிவைக்கவில்லை. நம்பிள்ளை ஸாதிக்க வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படியின் ப்ரவேசத்தில், திருவாய்மொழியை ஏற்கலாகாது என்பார் சொல்லக்கூடிய தடைகள் வரிசையாக எழுப்பப்படுகின்றன: மொழி வடமொழி அன்று, பெண்டிரும் சூத்ரரும் ஓதுகின்றனர், காமத்தைப் பேசுகிறது. ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் நிற்கவிட்டு, பின்பே பரிஹாரம் சொல்லப்படுகிறது. ஆசார்ய ஹ்ருதயத்தில் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் பிறப்பைப் பற்றிய விசாரத்தையே தனியே எடுத்துக்கொண்டு, ஆழ்வாரின் ஏற்றத்தை நிலைநாட்டினார். மானூர் ஸபையின் வாயிலில் நிறுத்தப்பட்டிருக்கக்கூடிய ஒருவரது சொல்லுக்காக, வேதம் வல்ல ஆசார்யர்கள் தலைமுறை தலைமுறையாக எதிர்ப்பக்ஷத்தின் அத்தனை ‘அன்று’களுக்கும் பொறுமையோடு விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிற்காலத்தில் திருவரங்கத்தில் நம்பெருமாள் நியமனப்படி மணவாள மாமுனிகள் ஓராண்டுக் காலம் உத்ஸவங்களும் நிறுத்தப்பட்டிருக்க ஈட்டைக் காலக்ஷேபம் ஸாதித்தார் என்பது ப்ரஸித்தம். பெருமாள் திருமுன்பே, முதல் நாட்களில் ஒலித்தவற்றுள் அந்த ப்ரவேசத்தின் ஆக்ஷேபங்களும் அடங்கும்.