பனி விலகிய வழியில் ஒரு நெடுஞ்சாலை

கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைகளின் நடுவே லேக் லூயிஸையும் ஜாஸ்பரையும் இணைக்கும் 230 கிலோமீட்டர் சாலைக்கு ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்று பெயர். பான்ஃப், ஜாஸ்பர் ஆகிய இரண்டு தேசியப் பூங்காக்களின் ஊடாக அது செல்கிறது. காலையில் காரில் கிளம்புபவர் நண்பகலில் அதபாஸ்கா பனியாற்றின் எதிரே வண்டியை நிறுத்தி, அதன் அடிவரை நடந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் மறுமுனையை அடைந்துவிடலாம். பனியாற்றின் எதிரே சாலை கடக்கும் பள்ளத்தாக்கை 19ஆம் நூற்றாண்டில் பனி அடைத்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பனி பின்வாங்கியதால்தான் சாலைக்கு இடம் கிடைத்தது.

பனியாற்றின் தாய்வீடு கொலம்பியா பனிவெளி. 200 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த அந்த மேட்டுநிலத்தில் ஆண்டுதோறும் விழும் பனி, கோடையிலும் முழுதாகக் கரையாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, தன் எடையாலேயே இறுகிப் பனிக்கட்டியாகிறது. விளிம்புகளில் அது பல கிளைகளாக வழிகிறது. அவற்றில் ஒன்றுதான் சுமார் 6 கிலோமீட்டர் நீளமுள்ள அதபாஸ்கா. பனிவெளியின் ஓரத்தில் உள்ள ஸ்னோ டோம் சிகரத்தின் உருகுநீர் மூன்று திசைகளில் பிரிந்து ஆர்க்டிக் கடலுக்கும், பசிபிக்குக்கும், ஹட்சன் விரிகுடா வழியாக அட்லாண்டிக்குக்கும் போகிறது. புவியியலில் இது மிக அரிது.

1840களில் பனியாறு பள்ளத்தாக்கின் குறுக்கே நீண்டு எதிர்ச்சரிவைத் தொட்டது. 1896இல் குதிரைகளோடு வடக்கே வந்த மலையேறி வால்டர் வில்காக்ஸின் குழுவினர் அந்த அடைப்பைத் தாண்ட முடியாமல் கிழக்குச் சரிவில் ஏறிச் சுற்றிப் போனார்கள். அவர்கள் கடந்த கணவாய் இன்றும் வில்காக்ஸ் பெயரால் வழங்குகிறது.

பனிவெளியைப் பற்றிய முதல் எழுத்துப் பதிவு ஒரு பழைய பிழையைத் தேடிப் போனவர்களிடமிருந்து வந்தது. 1827இல் அதபாஸ்கா கணவாயைக் கடந்த தாவரவியலாளர் டேவிட் டக்ளஸ், அங்கிருந்த இரு சிகரங்களுக்கு பிரவுன், ஹூக்கர் என்று பெயரிட்டு, 16,000 அடிக்கும் மேல் உயரம் என்று மதிப்பிட்டார். வரைபடங்கள் அந்தக் கணக்கைப் பல பத்தாண்டுகள் சுமந்தன. 1893இல் நிலவியலாளர் ஆர்தர் கோல்மன் நேரில் ஏறிப் பார்த்து, பிரவுன் சிகரம் அதில் பாதியைச் சற்றே தாண்டுவதுதான் என்று கண்டார். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. ஆங்கிலேய வேதியியல் பேராசிரியர் நார்மன் காலியும் அவருடைய மலையேற்றத் தோழர் ஹெர்மன் வூலியும் அந்த ராட்சதச் சிகரங்களைத் தேடி 1898இல் வந்தார்கள். ஆகஸ்ட் 18 அன்று 3,491 மீட்டர் உயர அதபாஸ்கா சிகரத்தின் உச்சியில் நின்றபோது, அதுவரை எந்த வரைபடத்திலும் இல்லாத வெண்மை மேற்கே விரிந்து கிடந்தது. தேடியது கிடைக்கவில்லை. கிடைத்ததோ அதைவிடப் பெரிது.

1907இல் ஜாஸ்பர் பூங்கா நிறுவப்பட்டது. காட்டைக் காப்பதாகச் சொல்லப்பட்ட அந்த ஏற்பாட்டுக்காக, அங்கே பல காலமாகப் பயிரிட்டு வாழ்ந்த, பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு வழிவந்த மெட்டீ குடும்பங்கள் 1910 வாக்கில் வெளியேற்றப்பட்டன. பூங்காவின் அழகைப் பேசும்போது இந்த அநீதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1911இல் ரயில் ஜாஸ்பரை எட்டியது. ஆனால் பனிவெளிக்கு ரயில் இல்லை. 1920களிலும் அந்தப் பயணம் பொதிக்குதிரைகளோடு வாரக்கணக்கில் நடந்தது.

சாலையைக் கொண்டுவந்தது பொருளாதாரப் பெருமந்தம். வேலையிழந்தோருக்கு நிவாரணப் பணியாக 1931இல் கட்டுமானம் தொடங்கியது. ஒரு கூட்டம் லேக் லூயிஸிலிருந்தும் மற்றொன்று ஜாஸ்பரிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தன. பெரும்பகுதி வேலை கடப்பாரை, மண்வெட்டி, குதிரைகளால் நடந்தது. 1939இல் இரு குழுக்களும் சந்தித்தன. 1940இல் சாலை முறைப்படி திறக்கப்பட்டது. இன்று சொகுசுக் கார்கள் வழுக்கிச் செல்லும் பாதையை முதலில் வெட்டியவர்கள், பிழைக்க வேறு வழியற்ற கூலிகள். குறுகிய சரளைச் சாலையாக இருந்ததை அகலமாக்கித் தார்ச்சாலையாக்கும் பணி 1961இல் முடிந்தது.

சாலை முடியும்போதே பனியாற்றின் எதிரே ஒரு விடுதி எழுந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில், பனியில் ஓடும் ‘வீசல்’ ராணுவ வண்டியை அமெரிக்கப் படை இந்தப் பனிவெளியில் சோதித்தது. 1950களில் பம்பார்டியர் பனிவண்டிகள் பயணிகளைப் பனிமேல் ஏற்றிச் சென்றன. 1980களில் ஆளுயரத்தை நெருங்கும் சக்கரங்கள் கொண்ட பேருந்துகள் வந்தன. செங்குத்தான கல்மேட்டில் இறங்கித்தான் அவை பனியை அடைகின்றன. 2020 ஜூலையில் அப்படியொரு வண்டி சரிவில் உருண்டு மூவர் இறந்தார்கள். பனியாற்றில் தனியே நடப்பதும் ஆபத்து. பிளவுகளைப் புதுப்பனி மூடியிருக்கும். விழுந்தவர் குளிரில் விறைத்துப்போக அதிக நேரம் ஆவதில்லை. கட்டிய கயிற்றைத் தாண்டாதீர்கள் என்று பூங்காத்துறை எச்சரிப்பது அதனால்தான்.

வாகன நிறுத்தத்திலிருந்து பனிக்குச் செல்லும் பாதையில், எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று காட்டும் பலகைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவே வெறும் கல்லும் சேறும். பனி இப்போதும் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் நகர்ந்து வருவதைவிட வேகமாக அடி உருகுவதால் முனை பின்னே போகிறது. 1840களிலிருந்து பனியாறு 1.5 கிலோமீட்டருக்கு மேல் விலகி, பருமனில் பாதியை இழந்திருக்கிறது. தொடக்கத்தில் நிகழ்ந்த உருகலுக்கு, சிறு பனியுகம் என்னும் குளிர்காலகட்டம் முடிந்த இயற்கை மாற்றத்திலும் பங்கு உண்டு. அண்மைப் பத்தாண்டுகளின் வேகத்துக்கு முதற்காரணம் மனிதர் எரிக்கும் எரிபொருள்.

மேற்குக் கனடாவின் பனியாறுகள் 2005இல் கொண்டிருந்த பருமனில் சுமார் 70 விழுக்காட்டை 2100க்குள் இழக்கும் என்று 2015இல் வெளியான பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு கணித்தது. ராக்கி மலைப்பகுதியில் இழப்பு 90 விழுக்காடு அளவுக்குப் போகலாம் என்பது அதே ஆய்வின் முடிவு.