கதவிற் கட்டிய உடல்

1919 நவம்பர் தொடக்கத்தில், ஹெய்ற்றியின் வடபகுதியிலே அமெரிக்கப் படையினர் பிணமொன்றைக் கதவிலே கட்டி நிறுத்திப் புகைப்படம் எடுத்தனர். அது விவசாயிகளின் கிளர்ச்சித் தலைவர் சார்ள்மேன் பெரால்ற்றின் உடல். கூலியின்றிப் பாதை வெட்டுமாறு குடியானவர்களைக் கட்டாயப்படுத்தியதே அக்கிளர்ச்சிக்குப் பெருங்காரணம். முகத்திற் கருமை பூசி, மாறுவேடத்தில் முகாமுக்குள் நுழைந்த அமெரிக்கப் படையாள் ஒருவனே அவரைச் சுட்டான். “உங்கள் தலைவன் இறந்துவிட்டான், இனி அடங்குங்கள்” என்பதற்காகவே அப்படத்தின் பிரதிகளை நாடெங்கும் பரப்பினர்.

அச்சுறுத்த எடுத்த படம் வேறு வேலை செய்தது. அரையில் ஒரு துணி, சாய்ந்த தலை, அருகே கொடி: மக்கள் அதிலே சிலுவையில் தொங்கிய யேசுவைக் கண்டனர்.

அந்தக் காட்சியை மக்களின் கண்கொண்டே தீட்டியவர் பிலோமே ஓபின். 1892 இல் பிறந்த அவர், காப்-ஹெய்ற்றியன் நகரிலே பல சிறு தொழில்கள் செய்து பிழைத்தவர். 1944 இல் டெவிற் பீற்றர்ஸ் என்ற அமெரிக்கர் தலைநகரிலே ஒரு கலை நிலையம் தொடங்கியபோது, ஓபின் தம் ஓவியமொன்றை அங்கு அனுப்பினார். ஆக்கிரமிப்பு ஓய்ந்த 1934 இல் ஜனாதிபதி றூஸ்வெல்ற் காப்-ஹெய்ற்றியனுக்கு வந்த காட்சி அது. அப்பொழுது ஓபினுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டே காப்-ஹெய்ற்றியனில் நிலையத்தின் கிளையொன்று அவர் தலைமையில் உருவாயிற்று.

பெரால்ற்றின் மரணத்தை அவர் ஒரு தடவையோடு விட்டுவிடவில்லை. கதவிற் கட்டிய உடலின் அருகே கறுப்பாடை தரித்த தாயையும் நிறுத்தினார். புகைப்படத்தில் அந்தத் தாய் இல்லை. அரச மரியாதையுடன் நடந்த பெரால்ற்றின் இறுதி ஊர்வலத்தையும் வரைந்தார். வீதியும் வீடும் மனிதரும் அப்படங்களிலே அளவெடுத்தாற்போல் ஒழுங்காக நிற்பர். மேனாட்டு விமர்சகர் இத்தகைய ஓவியத்தைக் “கள்ளங்கபடமற்றது” என்று தட்டிக்கொடுப்பது வழக்கம். அந்தப் பாராட்டிலே சற்று ஏளனமும் கலந்திருக்கிறது. தம் நாட்டின் சரித்திரத்தை யார் எழுதினார் என்பதை ஓபின் நன்கறிவார். அதனாற்றான் படத்தின் அடியிலே நிகழ்ச்சியின் விபரத்தையும் தம் கையாலே எழுதினார்.

1950-51 இல் போட்-ஒ-பிறின்ஸின் திரித்துவப் பேராலயச் சுவர்களிலே யேசுவின் சிலுவைக் காட்சியையும் கடைசி இராப்போசனத்தையும் தீட்டிய கைகளும் அவருடையவையே. 1986 இல் அவர் மறைந்தார். 2010 ஜனவரி 12 அன்று பூகம்பம் பேராலயத்தைத் தரைமட்டமாக்கியபோது, பதினான்கு சுவரோவியங்களில் மூன்று மட்டுமே எஞ்சின. அவற்றில் ஒன்று ஓபினின் இராப்போசனம்.