உலாவி முடக்கம்

இணைய உலாவி திடீரென மூடிக்கொள்வது, உறைந்து நிற்பது, பக்கத்தை ஏற்ற மறுப்பது ஆகிய கோளாறுகளின் பொதுப்பெயர். பழைய உலாவிகளில் எல்லாத் தாவல்களும் ஒரே செயல்முறையில் ஓடின. ஒன்று விழுந்தால் அனைத்தும் விழும். 2008-இல் வெளிவந்த கூகுள் குரோம் தாவல்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்தது. ஃபயர்பாக்ஸ் அந்த வழிக்கு வரத் தொடங்க 2016 ஆயிற்று. உறுதி கூடியது, நினைவகச் செலவும் கூடவே ஏறியது.

கோளாறு எங்கே என்று பிரித்தறிவதே பாதி வேலை. மறைநிலைச் சாளரத்தில் பக்கம் ஒழுங்காகத் திறந்தால், பழி பெரும்பாலும் நீட்சி, குக்கி, கேஷ் ஆகியவற்றில் ஒன்றின் மேல். வேறு உலாவியிலும் திறக்காவிட்டால் இணைப்பையோ டிஎன்எஸ்ஸையோ தளத்தையோ பார்க்க வேண்டும். எல்லாத் தளங்களிலும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பார்ப்பது நல்லது: சான்றிதழ்களுக்குக் காலக்கெடு உண்டு, மதர்போர்டு பேட்டரி தீர்ந்த கணினியோ பழைய ஆண்டிலேயே நிற்கும். எடுத்த எடுப்பில் உலாவியை நீக்கி மீண்டும் நிறுவுவது பலரின் பழக்கம். ஆனால் பயனர் சுயவிவரக் கோப்புறை அப்படியே தங்கிவிட்டால் கோளாறும் தங்கிவிடும்.

பயனர்மேல் தவறே இல்லாத வேளைகளும் உண்டு. 2022 ஜனவரி 13 அன்று உலகெங்கும் ஃபயர்பாக்ஸ் பக்கங்களை ஏற்றாமல் நின்றது. ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா பயன்படுத்திய மேகச் சேவை ஒன்றில் எச்டிடிபி/3 நெறிமுறை இயக்கப்பட, உலாவிக்குள் பதுங்கியிருந்த பிழை விழித்து, பிணையப் பகுதி முடிவில்லாச் சுழலில் சிக்கியது. மூலகாரணம் அற்பமானது: ஓர் எச்டிடிபி தலைப்புவரியில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்ற வேறுபாடு.