சுவரில் போர், ஏட்டில் நிலம்

பொள்ளிலூர்ப் போர் ஓவியத்தைக் காலனிய எதிர்ப்பின் சாட்சியமாகவே நாம் வாசித்து வந்திருக்கிறோம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு 1784இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் இருக்கிறது அது. 1780 செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் வளைத்து நொறுக்கினார்கள். சதுரமாக அணிவகுத்த சிவப்புச் சட்டைகள், வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி, பல்லக்குக்குள் விரலைக் கடித்தபடி காயம்பட்ட பெய்லி. ஆண்டவர்களின் அச்சத்தை இவ்வளவு பெரிதாக வரைந்த சுவர் நமக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இது வெறும் உள்ளூர்ச் சண்டையும் அல்ல. அமெரிக்கப் புரட்சிப் போரில் இறங்கிய பிரான்ஸ், ஹைதருக்கும் கூட்டாளி. 1782இல் பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்று 'ஹைதர் அலி' என்ற பெயரோடு ஆங்கிலக் கப்பலைப் பிடித்தது.

சரி, இதுல சேலம் எங்க இருக்கு? நாமக்கல் எங்க இருக்கு?

இந்தச் சமவெளி அன்று மைசூரின் பிடியில் இருந்தது. 1768இல் நாமக்கல் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். சில மாதங்களில் ஹைதர் மீட்டுக்கொண்டார். 1780இல் அவரது படை செங்கம் கணவாய் வழியாகத்தான் ஆற்காட்டு நாட்டுக்குள் இறங்கியது. குதிரைக்குக் கொள்ளும் சிப்பாய்க்குச் சம்பளமும் குடியானவன் கட்டிய தீர்வையில்தானே வந்திருக்கும்? சுவரில் யானை உண்டு, குதிரை உண்டு, வெட்டுண்ட தலைகூட உண்டு. ஏர் பிடித்தவன் மட்டும் இல்லை.

எதிர்த்தரப்பு ஓவியங்களிலும் இதே மௌனம்தான். 1781இல் யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை சரணடைந்ததை ஜான் டிரம்புல் வரைந்தார். அது வாஷிங்டன் நாடாளுமன்ற மாளிகையில் தொங்குகிறது. அதே கார்ன்வாலிஸ் 1792இல் திப்புவின் பிள்ளைகள் இருவரைப் பணயமாகப் பெறுவதை ராபர்ட் ஹோம் வரைந்தார். தோற்றவர் இங்கே கருணை வடிவான தகப்பனாகிவிட்டார். கைமாறியது பிள்ளைகள் மட்டுமா? 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம், கூடவே திப்புவின் பாதி நாடு. சேலமும் பாராமகாலும் கும்பினிக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வயல்களை அளக்க வந்தார்கள். ரயத்துவாரி முளைத்தது இங்கேதான்.

1799இல் சண்டையிட்டே செத்த திப்புவின் எதிர்ப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 'தியாகியா, கொடுங்கோலனா' என்று இன்று நடக்கிற சச்சரவில் இரு தரப்பும் பார்ப்பது யானைமேல் இருப்பவரைத்தான். மன்னனின் வெற்றி வேறு, மக்களின் விடுதலை வேறு. பொள்ளிலூர் ஓவியத்தின் காகிதப் படி ஒன்று 2022இல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. படத்துக்கு விலை போட்டாச்சு.

நிலத்தின் கதை பாராமகால் ஆவணங்களில் கிடக்கிறது: குடிகள், விளைச்சல், நிலவரி என்று தலைப்புப் போட்டு. எழுதியவன் வரி வாங்கியவன். அவன் கண்ணுக்குக் குடியானவன் ஒரு தொகை. சுவரில் காணாமல் போனவன் ஏட்டில் தொகையாகத் திரும்பி வருகிறான். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் நம்பாமல் வாசிப்பதுதான் சேலத்திலும் நாமக்கல்லிலும் வரலாறு எழுத நினைப்பவர்களுக்கு முன்னாலுள்ள வேலை.